பெரியவர்களுக்கான ஆட்டிசம் மதிப்பீடு: நீலகிரியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மதிப்பீட்டுக்குப் போன அன்று பஸ்ஸில் என் மடியில் ஒரு பச்சை ஃபைல் இருந்தது. மூன்றாம் வகுப்பு ரேங்க் கார்டு, தம்பி கைப்பட எழுதிக் கொடுத்த ஒன்றரைப் பக்கம், அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்ட ஆறு பக்கம், நான்கு மாதம் எழுதிய ஒரு நோட்டு. அவ்வளவுதான் அதில் இருந்தது. அப்போது எனக்கு வயது 37. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறேன்.

அதற்கு ஒரு வருடம் முன்னால், கையில் எதுவும் இல்லாமல் வேறொரு இடத்துக்குப் போயிருந்தேன். பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். "நல்லாத்தானேம்மா பேசுறீங்க, வேலைக்குப் போறீங்க, கல்யாணமும் ஆயிருக்கு. அதெல்லாம் குழந்தைகளுக்கு வர்றது" என்று சொன்னார்கள். நானும் சிரித்த முகத்தோடு "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரிடமும் பேச முடியவில்லை. அந்த இரண்டு நாளைத்தான் நான் அங்கே சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கூடலூரிலோ குந்தாவிலோ குன்னூரிலோ இருந்துகொண்டு, "எனக்கு ஆட்டிசமாக இருக்குமோ" என்று வருடக்கணக்காக யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் தடவையே ஃபைலோடு போங்கள்.

அங்கே எதைத் தேடுகிறார்கள்

ஆட்டிசத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. உங்கள் வாழ்க்கை வரலாற்றைக் கேட்டும், நேரில் உங்களைக் கவனித்தும்தான் முடிவு செய்கிறார்கள். நோயை அடையாளம் காண இங்கே பெரும்பாலும் இரண்டு நூல்களைப் பின்பற்றுவார்கள். ஒன்று அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-ல் கொண்டுவந்த டி.எஸ்.எம்.-5, அதன் திருத்தம் 2022-ல் வந்தது. மற்றது உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு நூலான ஐ.சி.டி.-11. ஆஸ்பெர்கர் என்று முன்பு தனியாகச் சொன்னதும் இப்போது ஆட்டிசம் என்ற ஒரே பெயருக்குள் வந்துவிட்டது.

டி.எஸ்.எம்.-5 கேட்பதை எளிதாகச் சொல்கிறேன். பழகுவதில் மூன்று விஷயங்கள். பேச்சில் கொடுத்து வாங்குவது ஒன்று. முகம், கண், கை, குரல் வழியாகப் பேசுவதும் மற்றவர்களுடையதைப் புரிந்துகொள்வதும் இரண்டு. உறவை உண்டாக்கித் தக்கவைத்துக்கொள்வது மூன்று. இந்த மூன்றிலுமே சிரமம் இருக்க வேண்டும். அடுத்து நான்கு விஷயங்கள்: திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு அல்லது பேச்சு, வழக்கம் மாறினால் தாங்க முடியாமை, ஒரே விஷயத்தில் மிக ஆழமான ஈடுபாடு; கடைசியாக, சத்தம், வெளிச்சம், வாசனை, தொடுதல் போன்றவை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உறைப்பது. இந்த நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

இவையெல்லாம் சின்ன வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையைப் பாதித்திருக்க வேண்டும். பெரியவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். அறிகுறிகள் சின்ன வயதில் முழுதாக வெளியே தெரியாமல் இருந்திருக்கலாம், பழகிய தந்திரங்களால் பிற்காலத்தில் மறைந்தும் போயிருக்கலாம் என்று அந்த நூலே சொல்கிறது. "இத்தனை வயசுக்கப்புறம் எதுக்கு" என்று யாராவது கேட்டால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் போவது

சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைச் செய்வதில்லை. நீங்கள் தேட வேண்டியது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கவுன்சில் அது, பதிவானவர்களுக்கு ஒரு எண் தருகிறது. அந்த எண்ணைக் கேட்பதில் தவறில்லை, முறையானவர்கள் ரிப்போர்ட்டிலேயே போட்டுவிடுவார்கள். மனநல மருத்துவரிடமும் தொடங்கலாம், பல இடங்களில் இருவரும் சேர்ந்தே பார்க்கிறார்கள்.

உதகையில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மருத்துவமனையின் மனநலப் பிரிவு ஓ.பி.யில் போய் முதல் பேச்சைத் தொடங்கலாம். கீழே இறங்கினால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, தனியாரும் இருக்கிறார்கள். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும், பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனமும் இருக்கின்றன. கூடலூர்க்காரர்கள் பெங்களூர் போவதாக இருந்தால் ஒன்றை மறக்க வேண்டாம். பந்திப்பூர் வழிச் சாலையை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடிவிடுவார்கள். காலையில் அப்பாயின்ட்மென்ட் என்றால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுவதுதான் வழி.

நேரம் வாங்குவதற்கு முன் போனில் இவற்றைக் கேளுங்கள். போனில் பேசத் தடுமாறுகிறவர்கள் வாட்ஸப்பில் எழுதியே கேட்கலாம், நான் அப்படித்தான் செய்தேன்.

- பெரியவர்களுக்கு ஆட்டிசம் மதிப்பீடு செய்த அனுபவம் உண்டா?
- எத்தனை அமர்வு, மொத்தச் செலவு எவ்வளவு, ரிப்போர்ட்டுக்குத் தனிக் கட்டணமா?
- தமிழில் பேசலாமா? அம்மா நேரில் வர முடியாவிட்டால் போனில் பேசுவீர்களா?
- எழுதிக் கொண்டுவந்தால் படிப்பீர்களா?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே பாதி முடிவு செய்துவிடலாம். நான் இரண்டாவதாகப் போன இடத்தில், "முன்னாடியே அனுப்பி வையுங்க, படிச்சுட்டு உட்கார்றேன்" என்று பதில் வந்தது.

நோட்டு எழுதுவது

இதற்குக் குறைந்தது ஒரு மாதமாவது கொடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து வரி போதும்.

உங்களைப் பற்றிய முடிவை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். "எனக்குச் சத்தம் ஆகாது" என்ற வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம், அதை வைத்து உளவியலாளர் எதையும் கண்டுபிடிக்க முடியாது. என் நோட்டிலிருந்து ஒரு நாள்:

"வியாழன். சாயங்கால டீ நேரம். ஆபீஸ் டியூப் லைட் கீச்சென்று இரைந்துகொண்டே இருக்கிறது. மற்றவர்களுக்குக் கேட்கவில்லையாம். அந்த நேரம் பார்த்து இலை ஏஜென்ட் அண்ணன் வந்து, என்னம்மா வீட்ல எல்லாரும் சௌக்கியமா என்றார். எல்லாரும் என்றால் யார் யார் என்று யோசித்தேன். மாமியாருக்கு மூட்டு வலி, அதைச் சொல்லலாமா கூடாதா என்று யோசிப்பதற்குள் அவர் போய்விட்டார். கணக்கில் இரண்டு இடத்தில் தப்பு. வீட்டுக்குப் போய் லைட் போடாமல் ஒன்றரை மணி நேரம் படுத்திருந்தேன்."

இத்தனைக்கும் எங்கள் ஃபேக்டரியில் இலை வாட்டும் தொட்டிகளின் ஃபேன் நாள் பூராவும் இரைகிறது, அது எனக்கு ஒன்றுமே செய்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் நிம்மதியாகக்கூட இருக்கும். இதையும் எழுதினேன். எது தொல்லை, எது ஆறுதல் என்று இரண்டு பக்கமும் எழுதினால்தான் புலன்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது தெரியும்.

இன்னும் என்னவெல்லாம் எழுதலாம்? ஒரு நிகழ்ச்சிக்குப் போய்வந்த பின் சரியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று. பஸ்ஸில் வழக்கமான சீட் கிடைக்காத அன்று என்ன ஆயிற்று. எந்த விஷயம் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. யாராவது கிண்டலாகச் சொன்னதை நிஜமென்று நம்பிய நாள். தனியாக இருக்கும்போது விரல், கை, கால் என்ன செய்கின்றன. பேச்சே வராமல் போன நேரங்கள். அப்புறம் உங்கள் பலங்களும். மூன்று வருடத்து இலை வரவை நான் தேதியோடு மனப்பாடமாகச் சொல்வேன். அது பெருமைக்காக எழுதியதில்லை, ஆழமான ஈடுபாடு என்ற தலைப்புக்கு நேராகப் போய் உட்கார்ந்த தகவல் அது.

சின்ன வயதைத் தேடுவது

அம்மாவிடம் போய், "நான் சின்ன வயசுல வித்தியாசமா இருந்தேனா?" என்று கேட்டால் வரும் பதில் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். என் அம்மாவும் சொன்னார்: "உனக்கென்ன பாப்பா, ஒரு தொல்ல குடுத்தது கெடையாது. வச்ச எடத்துல இருப்ப." உங்களைக் குறையுள்ளவளாக ஆக்க அவர்களுக்கு மனம் வராது. தன் வளர்ப்பைக் கேள்வி கேட்பதாகவும் தோன்றும்.

அதனால் குறையைக் கேட்காமல் கதையைக் கேளுங்கள். என்ன சாப்பிட்டேன், எதைத் தொடமாட்டேன், யாரோடு விளையாடினேன், எப்போது பேசத் தொடங்கினேன், திருவிழாவில் என்ன செய்தேன். என் அம்மா இலங்கையிலிருந்து சிறுமியாக வந்தவர், பிறகு அரசின் டேன்டீ தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். எஸ்டேட் காப்பகத்தை இன்னும் பிள்ளைக் காம்பரா என்றுதான் சொல்வார். "காம்பரால நீ மத்த புள்ளைங்களோட சேரமாட்ட. சன்னல் கம்பிய ஒண்ணு ஒண்ணா தொட்டுக்கிட்டே நடப்ப. வேல முடிஞ்சு நான் வர்ற வரைக்கும் அதேதான்" என்று தொடங்கினார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்.

"ஸ்வெட்டர் போடவே மாட்டியே. மார்கழிப் பனியில வெறும் சட்டையோட நடுங்கிக்கிட்டு நிப்ப. அடிச்சும் பார்த்தேன். கடைசில என் பழைய பாவாடையக் கிழிச்சு உள்பக்கம் வச்சுத் தச்சேன். அப்புறம்தான் போட்ட."

அம்மாவுக்கு அது ஒரு தையல் வேலை. உறைபனி விழும் ஊரில், குத்துகிறது என்பதற்காக ஒரு குழந்தை கம்பளியை விட குளிரைத் தேர்ந்தெடுத்தது. உளவியலாளர் என் ஃபைலில் அடிக்கோடு போட்ட முதல் வரி அதுதான்.

ரேங்க் கார்டு, டி.சி., பழைய ஃபோட்டோ எல்லாவற்றையும் தேடி எடுங்கள். மதிப்பெண்ணை விட ஆசிரியர் எழுதிய குறிப்புக்குத்தான் மதிப்பு. என் கார்டில் "வகுப்பில் பேசுவதில்லை, கேட்டால் மட்டும் பதில் சொல்கிறாள்" என்றிருந்தது. பெற்றோர் இல்லாதவர்கள் அண்ணன், அக்கா, சித்தி, பக்கத்து லைன் வீட்டுக்காரர் என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். சொல்ல யாருமே இல்லை என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதனாலேயே மதிப்பீடு நின்றுவிடாது.

வீட்டில் படுகு மொழியோ கன்னடமோ மலையாளமோ பேசுகிறவர்கள், அம்மாவோடு மொழிபெயர்க்க ஒருவரையும் ஏற்பாடு செய்யுங்கள். நீங்களே மொழிபெயர்த்தால் உங்களை அறியாமல் பதிலைத் திருத்திவிடுவீர்கள்.

வினாப்படிவங்கள்

ஆட்டிசக் கூறுகள் எவ்வளவு என்று பார்க்கும் படிவங்கள் சில உண்டு. 2001-ல் கேம்பிரிட்ஜில் வெளியான ஏ.க்யூ. படிவத்தில் 50 கேள்விகள். ராட்ஸ்-ஆர் படிவத்தில் 80. ஆட்டிசத்தை மறைத்துச் சமாளிப்பதை அளக்கும் கேட்-க்யூவில் 25. வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம், மதிப்பெண்ணை ஃபைலில் வைக்கலாம். ஆனால் அதுவே முடிவாகாது. நாடகத்துக்குப் போவீர்களா மியூசியத்துக்குப் போவீர்களா என்று ஏ.க்யூ.வில் ஒரு கேள்வி. கோத்தகிரியில் இரண்டும் எங்கே? அந்த மாதிரி இடங்களில் ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்தேன், எண்ணை விட அந்தக் குறிப்புகள் பயன்பட்டன.

நம் நாட்டில் உருவான ஐசா என்ற அளவுகோலில் 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 70-ம் அதற்கு மேலும் ஆட்டிசம் என்று கொள்கிறார்கள். அரசுச் சான்றிதழுக்கு இதைத்தான் பார்ப்பார்கள். அதில் பல கூறுகள் வெளியே தெரியும் நடத்தையைப் பற்றியவை, ஆகவே நன்றாக மறைக்கத் தெரிந்தவர்களுக்கு எண் குறைவாக வரலாம்.

சமாளிப்பைக் கீழே வைப்பது

எனக்கு மிகக் கடினமாக இருந்தது இதுதான். முப்பது வருடமாக ஒரே பாடத்தைப் படித்திருக்கிறோம்: கண்ணைப் பார், சிரி, தலையாட்டு, எதிரே இருப்பவர் சொன்ன கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல். புது ஆளுக்கு முன்னால் அது தானாக ஓட ஆரம்பித்துவிடும். முதல் தடவை என்னைத் தோற்கடித்தது அதுதான்.

அந்தப் பாடத்தையே எழுதிக் கொடுங்கள். நான் கொடுத்த பக்கத்தின் தலைப்பு "நான் ஒத்திகை பார்ப்பவை". கல்யாண வீட்டில் நுழையும்போது சொல்ல மூன்று வாக்கியம், துக்க வீட்டில் சொல்ல ஒன்று, மேனேஜரிடம் லீவு கேட்க ஒன்று. கண்ணைப் பார்ப்பது போலத் தெரிய, புருவத்துக்கு நடுவில் பார்ப்பேன் என்றும் எழுதியிருந்தேன். அன்று உள்ளே போனதும் முதலில் சொன்னது: "பார்க்க நான் சாதாரணமா இருப்பேன். அதுக்கு உள்ளே எவ்வளவு வேலை நடக்குதுன்னு கேளுங்க." அதற்கப்புறம் கீழே பார்த்தபடியே பேசினேன். ஃபைலின் ரப்பர் பேண்டை முறுக்கிக்கொண்டே இருந்தேன்.

இல்லாததைக் கூட்டிச் சொல்லவும் வேண்டாம். "இது எனக்கு இல்லை" என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். அப்போதுதான் "இருக்கிறது" என்று நீங்கள் சொல்வதை நம்புவார்கள்.

மற்ற நோய்கள், மருந்துகள்

ஏ.டி.ஹெச்.டி. என்ற கவனக் குறைபாடு, பதற்றம், ஓ.சி.டி. என்ற எண்ணச் சுழற்சி நோய், மனச்சோர்வு, பழைய அதிர்ச்சி எல்லாமே வெளிப்பார்வைக்கு ஆட்டிசம் மாதிரி தோன்றலாம், ஆட்டிசத்தோடு சேர்ந்தும் இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்ப்பது அவர்கள் வேலை. பழைய மருந்துச் சீட்டுகள், தைராய்டு ரிப்போர்ட், தூக்கம் எப்படி என்ற குறிப்பு ஆகியவற்றை எடுத்துப்போனால் போதும். மதிப்பீட்டுக்காக எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

காத்திருக்கும் வாரங்களில் உயிர் வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், தேதி வரட்டும் என்று இருக்க வேண்டாம். 14416 அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

மலை இறங்குவது

கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் சுமார் 300. ஒன்றரை மணி நேரத்துக்குள் காது அடைக்கும், வளைவுக்கு வளைவு ஹாரன், டீசல் வாசனை, அப்புறம் சமவெளி வெயில், கடைசியில் கோவை காந்திபுரம். அந்த நிலையில் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தால் கேள்வியே காதில் விழாது. முடிந்தால் முந்தின நாள் இறங்கி சொந்தக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்குங்கள். சொந்தக்காரர் வீடு என்றால் அங்கும் பேசிச் சமாளிக்க வேண்டும், அதனால் நான் லாட்ஜ் எடுத்தேன்.

வாந்தி மாத்திரை போட்டு இறங்குகிறவர்கள் கவனியுங்கள்: அது தூக்கக் கலக்கம் தரும், மதிப்பீடு அன்று காலையில் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து ரோடு அடைபடும். ஏப்ரல், மே சீசனில் பஸ்ஸே கிடைக்காது. "ரோடு அடைபட்டால் தேதி மாற்றித் தருவீர்களா" என்று முன்பே எழுதிக் கேட்டு வையுங்கள். காதில் வைக்கப் பஞ்சோ இயர்பிளக்கோ, பழகிய சாப்பாடு, மெல்லிய பருத்தித் துணி எடுத்துக்கொள்ளுங்கள்.

அறைக்குள்

எனக்கு மூன்று அமர்வு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சிலருக்கு ஒரே நாளில் முடியும். பேட்டி இருக்கும், படிவங்கள் இருக்கும், சில இடங்களில் அறிவுத்திறன் சோதனையும் செய்வார்கள். ஏடாஸ்-2 என்ற கருவியைப் பயன்படுத்தினால் பெரியவர்களுக்கு அதில் நான்காம் பகுதி. படம் பார்த்துக் கதை சொல்வது, ஒரு வேலையை நடித்துக் காட்டுவது, நட்பு, தனிமை பற்றிய கேள்விகள் என்று வரும். குழந்தைகளுக்கானது போலத் தோன்றினாலும் உங்களை மட்டம் தட்டுவதற்கு இல்லை. முன்கூட்டி தேடிப் பார்த்துப் பயிற்சி எடுக்காதீர்கள்.

கேள்வி மொட்டையாக இருந்தால் "எந்த இடத்தில், யாரோடு என்று கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். "நண்பர்கள் இருக்காங்களா?" என்று கேட்டபோது நான் அப்படித்தான் கேட்டேன், அதையே அவர் குறித்துக்கொண்டார். லைட்டை அணைக்கச் சொல்லலாம், இடைவேளை கேட்கலாம், பேச வராவிட்டால் எழுதிக் காட்டலாம்.

ரிப்போர்ட் வந்த பிறகு

ஆட்டிசம் இல்லை என்றால் "பிறகு இவற்றுக்கெல்லாம் என்ன காரணம்" என்று கேட்காமல் எழுந்திருக்காதீர்கள். அதற்கு ஒரு பதில் அவர்களிடம் இருக்க வேண்டும். வேறொருவரிடம் இரண்டாவது கருத்து கேட்பதும் உங்கள் உரிமை.

ஆட்டிசம் என்றால், அந்த ரிப்போர்ட்டே அரசுச் சான்றிதழ் ஆகாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குத் தனியாக விண்ணப்பித்து, அரசு மருத்துவக் குழு முன் போக வேண்டும். பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு 40 சதவீதமாவது இருப்பதாக அவர்கள் சான்று தர வேண்டும். அது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதை வைத்து ரிப்போர்ட் பொய் என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு அளவை. தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, தகுதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். குணப்படுத்துகிறேன் என்று ஸ்டெம் செல் ஊசியோ உணவுத் திட்டமோ விற்க வருகிறவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்.

வேலை இடத்தில் சொல்வதா என்பதை அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். நான் மேனேஜரிடம் ஆட்டிசம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, டியூப் லைட்டை மட்டும் மாற்றித் தரக் கேட்டேன். மாற்றினார்.

ரிப்போர்ட்டை வாங்கியதும் வரி வரியாகப் படியுங்கள். பெயர், வயது, மொழி, அம்மா சொன்னது எல்லாம் சரியா என்று பாருங்கள். தப்பு இருந்தால் ஒரு வாரத்துக்குள் எழுதி அனுப்புங்கள். என்னுடையதில் குழந்தைப் பருவம் பற்றிய பத்தியில் "தாயார் கூற்றுப்படி எந்தச் சிரமமும் இல்லை" என்று இருந்தது. அம்மா போனில் முதலில் சொன்ன பதில் அப்படியே ஏறியிருந்தது. நான் ஆறு பக்கத்தையும் மறுபடி ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். பத்து நாளில் திருத்திய ரிப்போர்ட் வந்தது. இரண்டாம் பக்கத்தில், கம்பளி ஆடையை ஏற்காததால் தாயார் உட்புறம் பருத்தித் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார் என்று ஒரு வரி இருந்தது. அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இதக்கூடவா எழுதுவாங்க?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஸ்வெட்டர் மேல பெட்டிலதான் இருக்கு பாப்பா, எடுத்துத் தரவா?" என்றார்.